நோயாளிக்குச் செய்யும் இரக்கம் எது?

 

நோயாளியைக் காணப் போனால் நாம் எல்லோரும் வழக்கமாகச் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு. "ஒன்றையும் யோசிக்காதீர்கள், அசையாமல் படுத்திருங்கள், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறோம். இது அன்பினால் வரும் வார்த்தை. நோயாளியைப் போய்ப் பார்ப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செலுத்த வேண்டிய ஹக்குகளில் ஒன்று. அந்த ஹக்கைச் செலுத்தப் போன இடத்தில் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்வதில் என்ன தவறு இருக்க முடியும்? ஆயினும், அந்த வார்த்தை எல்லா நோயாளிக்கும் எல்லா வேளையிலும் நன்மையே செய்கிறதா என்று நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரக்கம் என்று நாம் நினைப்பது தீங்காக முடியுமா? கடுமை என்று தோன்றுவது இரக்கமாக இருக்க முடியுமா? இந்தக் கேள்வியைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற அறையின் வாசல் நம்மில் பல குடும்பங்களுக்குத் தெரியும். 2020, 2021-ஆம் ஆண்டுகளில் கொவிட் நோய் பரவியபோது அந்த வாசலைக்கூட அணுக முடியாமல், தொலைபேசியைக் கையில் பிடித்துக்கொண்டு துஆவிலேயே இரவைக் கழித்த வீடுகள் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஏராளம். நிமோனியாவாலோ, இரத்தத்தில் கிருமி பரவியதாலோ, பெரிய ஆபரேஷனாலோ ஒருவர் அங்கே போகிறார். மூச்சு இயந்திரம் வைக்கப்பட்டு இரண்டு மூன்று வாரம் கிடக்கிறார். அல்லாஹ்வின் கிருபையால் ஹயாத்து நீடித்துக் கண் விழிக்கிறார். பிள்ளைகளை அடையாளம் தெரிகிறது. ஸலாமுக்குப் பதில் சொல்ல உதடு அசைகிறது. ஆனால் தண்ணீர்க் குவளையைத் தூக்கக் கையில் வலு இல்லை; தலையணையிலிருந்து தலை எழவில்லை. ஒரு பக்கம் மட்டும் விழுந்துவிடும் பக்கவாதம் அன்று இது. இரண்டு கைகளும் இரண்டு கால்களும் சேர்ந்து ஓய்ந்து கிடக்கின்றன.

அவர் வீடு திரும்பியதும் வீட்டில் இரண்டு குரல்கள் கேட்கும். "மனது வைத்தால் எழுந்து நடக்கலாம், படுத்துப் படுத்துச் சோம்பல் பிடித்துவிட்டது" என்பது ஒன்று. "மௌத்தின் வாசல்வரை போய் வந்தவர், தண்ணீர்கூட நாமே ஊட்ட வேண்டும், அவரை அசைக்காதீர்கள்" என்பது மற்றொன்று. முதலாவதைக் கடுமை என்றும், இரண்டாவதை இரக்கம் என்றும் சொல்வோம். ஆனால் இரண்டு குரலுமே அவருக்கு அநீதி செய்கின்றன என்பது என் எண்ணம். நான் வைத்தியம் படித்தவன் அல்லன். டாக்டர்கள் ஆராய்ந்து எழுதி வைத்திருக்கும் கணக்கையும், மதரஸாவில் ஓதிய பாடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன், அவ்வளவே.

கரைந்து போகும் முதல்

வியாபாரிகளாகிய நமக்குக் கணக்கு வழியாகச் சொன்னால் எளிதில் விளங்கும். கடையில் வரவு நின்று செலவு மட்டும் நடந்தால் என்ன ஆகும்? முதலில் கையிருப்புப் போகும். பிறகு முதலையே எடுத்துத் தின்ன நேரிடும். கடும் நோயில் உடம்பும் அப்படியே நடந்துகொள்கிறது. கிருமியோடு போராடவும் புண்ணை ஆற்றவும் வேண்டிய சத்தை, அது தன் தசையை உடைத்து எடுத்துக்கொள்கிறது. தசைதான் உடம்பின் முதல்.

அந்த முதல் எவ்வளவு வேகமாகக் கரைகிறது? 2013-ஆம் ஆண்டில் வெளியான லண்டன் ஆராய்ச்சி ஒன்றில், தீவிர சிகிச்சையில் இருந்த 63 பேரின் தொடைத் தசையைக் கருவி வைத்து அளந்திருக்கிறார்கள். பத்தே நாளில் அந்தத் தசையின் குறுக்களவில் ஏறக்குறைய 18 சதவீதம் போய்விட்டது. பல உறுப்புகள் ஒருசேரப் பழுதானவர்களுக்கு இழப்பு இன்னும் அதிகம். நூறு வெள்ளி முதல் போட்ட கடையில் பத்து நாளில் பதினெட்டு வெள்ளி காணாமல் போனால், அந்தக் கடைக்காரரைச் சோம்பேறி என்போமா? வீட்டில் நெருப்புப் பிடித்தது என்றல்லவா சொல்வோம்?

கையும் காலும் மட்டுமல்ல. மூச்சை இழுக்கும் தசையும் மெலிகிறது. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே குடைபோல் விரிந்திருப்பது உதரவிதானம் என்னும் தசை. பிறந்தது முதல் ஒரு நிமிடமும் ஓய்ந்திராத வேலைக்காரன் அது. மூளை இறந்த நிலையில் இயந்திரத்தால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தவர்களின் உதரவிதானத்தை அமெரிக்காவில் ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். வேலை இல்லாமல் 18 முதல் 69 மணி நேரம் இருந்ததற்கே அத்தசையின் இழைகள் பாதிக்கு மேல் மெலிந்திருந்தன. இயந்திரத்தை எடுத்த பிறகு நோயாளி மூச்சுக்குத் தவிப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அவர் நெஞ்சில் தைரியம் இல்லை என்பதல்ல. நெஞ்சுக்குக் கீழே இருக்கும் தசைக்கு வலு போய்விட்டது.

மருத்துவ உலகமும் இதை ஒரே நாளில் கண்டுகொள்ளவில்லை. இரத்தத்தில் கிருமி பரவி நெடுநாள் கிடப்பவர்களின் சதை வேகமாக வற்றிவிடுகிறது என்று வில்லியம் ஆஸ்லர் என்னும் பெரிய வைத்தியர் 1892-லேயே எழுதி வைத்தார். 1977-ல், கடுமையான ஆஸ்துமாவுக்காக அதிக அளவில் மருந்து கொடுத்துக் காப்பாற்றப்பட்ட ஒரு நோயாளியின் தசைகள் பெரிதும் பலமிழந்து போனதை டாக்டர்கள் எழுதினார்கள். 1984-ல் கனடா நாட்டில் சார்லஸ் போல்டன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், இப்படிக் கை கால் விழுந்த ஐந்து பேரைப் பரிசோதித்து, தசைக்குக் கட்டளை கொண்டுபோகும் நரம்புகளே பழுதாகியிருப்பதைக் காட்டினார்கள். அதற்குமுன் அப்படிக் கிடந்த எத்தனை பேரை உலகம் சோம்பேறி என்றும் மனம் உடைந்தவர் என்றும் சொல்லியிருக்கும்!

இன்று இதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய ஆறு இடங்களை, வலமும் இடமுமாக அசைக்கச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். மொத்தம் 60. அதில் 48-க்குக் கீழே வந்தால் இந்தப் பலவீன நோய் இருக்கிறது என்று தீர்மானிக்கிறார்கள். 2002-ல் பிரான்சு நாட்டில் வெளியான கணக்குப்படி, ஏழு நாளுக்கு மேல் மூச்சு இயந்திரத்தில் இருந்து விழித்தவர்களில் நாலில் ஒருவருக்கு இது இருந்தது.

ஆகவே முதல் தீர்ப்பு தெளிவானது. இது ஒரு நோய். நிறுத்து அளந்து காட்டக்கூடிய நோய். இந்த நோயாளியைப் பார்த்து "மனது வைக்கவில்லை" என்பது, தராசைப் பாராமலே சரக்குக் குறைகிறது என்று பழி போடுவதற்குச் சமம். ஒரு முஸ்லிமைப் பற்றிக் கெட்ட எண்ணம் கொள்ளலாகாது என்று தடுக்கப்பட்டிருக்கும் நமக்கு, படுக்கையில் கிடப்பவரைப் பற்றி அப்படி எண்ணுவது எவ்விதத்திலும் ஆகாது.

ஓய்வின் விலை

முதல் குரல் பிழை என்றாகிவிட்டது. அப்படியானால் இரண்டாவது குரல் சரியா? "அசைக்காதீர்கள்" என்பது இரக்கந்தானா?

தீவிர சிகிச்சை அறை பிறந்த கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1952-ல் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசை விழுந்து பிள்ளைகள் மடிந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்னும் டாக்டர், தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, ரப்பர்ப் பையைக் கையால் அமுக்கிக் காற்றை உள்ளே செலுத்தும் முறையைக் கொண்டுவந்தார். பையை அமுக்க இயந்திரம் ஏது? ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்துக்கொண்டு, இரவும் பகலும், வாரக்கணக்கில் தங்கள் கையாலேயே அமுக்கினார்கள். முன்பின் அறியாத பிள்ளையின் மூச்சைத் தன் உள்ளங்கையில் தாங்கியபடி ஒரு மாணவன் இரவு முழுவதும் உட்கார்ந்திருந்தான் என்றால், அதைவிட வேறு இரக்கம் எது? அந்த முயற்சியின் பயனாக 1953-ல் தீவிர சிகிச்சைக்கென்றே தனிப் பகுதி அமைந்தது.

பிறகு இயந்திரங்கள் வந்தன. தொண்டைக் குழாயின் வேதனை தெரியாதிருக்கவும், இயந்திரத்தோடு நோயாளி மல்லுக்கட்டாதிருக்கவும் மயக்க மருந்து கொடுத்து ஆழ்ந்த உறக்கத்தில் வைப்பது வழக்கமாயிற்று. அதுவும் இரக்கத்தால் வந்த வழக்கந்தான். ஆனால் அந்த உறக்கத்துக்கு ஒரு விலை உண்டு என்பது பின்னர்த் தெரிந்தது.

படுக்கையே நோயாளிக்கு ஆபத்தாகும் என்று ரிச்சர்ட் ஆஷர் என்னும் லண்டன் டாக்டர் 1947-லேயே எச்சரித்திருந்தார். 1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து இளைஞர்களை, எந்த நோயும் இல்லாதவர்களை, மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்துச் சோதித்தார்கள். அவர்களுடைய உழைக்கும் சக்தி வெகுவாக விழுந்துவிட்டது. முப்பது வருஷம் கழித்து, 1996-ல் அதே ஐவரையும் தேடிப் பிடித்து மீண்டும் சோதித்தார்கள். முப்பது வருஷ முதுமை செய்த சேதத்தைவிட, இருபது வயதில் மூன்று வாரம் படுத்திருந்த சேதமே பெரிது என்று கண்டார்கள்! அதே ஐவரும் ஆறு மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்து, வயதால் இழந்த சக்தியைத் திரும்பப் பெற்றார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். படுக்கை கொண்டுபோனதை உழைப்பு மீட்டுத் தரும் என்பதற்கு அது சாட்சி.

நல்ல உடம்புக்கே இப்படியென்றால், கிருமியோடு போராடும் உடம்புக்கு எப்படியிருக்கும்! சிக்காகோ டாக்டர்கள் மயக்க மருந்தைத் தினமும் ஒருமுறை நிறுத்தி நோயாளியை விழிக்கவைத்துப் பார்த்தார்கள். 2000-ல் வெளியான அவர்கள் கணக்குப்படி, இயந்திரத்தில் இருக்க வேண்டிய நாட்கள் ஏழிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. பிறகு, அப்படி விழிக்கும் நேரத்தில், வாயில் குழாய் இருக்கும்போதே கை கால்களை அசைக்கவும், கட்டில் ஓரத்தில் உட்காரவும், பிடித்துக்கொண்டு நிற்கவும் நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். 104 பேரைக் கொண்டு நடந்த அந்த ஆராய்ச்சி 2009-ல் வெளிவந்தது. பயிற்சி பெற்றவர்களில் 59 சதவீதத்தினர் ஆஸ்பத்திரியை விட்டுப் போகும்போது தங்கள் காரியத்தைத் தாங்களே பார்த்துக்கொள்ளும் நிலையில் இருந்தார்கள். வழக்கமான முறையில் இருந்தவர்களில் அப்படியிருந்தவர்கள் 35 சதவீதமே. புத்தி தடுமாறிப் பிதற்றும் நாட்களும் பாதியாகக் குறைந்தன.

வெளியே நிற்கும் உறவினருக்கு இது எப்படித் தோன்றும்? "இந்த நிலையில் இருப்பவரை உட்கார வைக்கிறார்களே, இவர்களுக்கு ஈரமில்லையா?" என்று தாதியோடு சண்டைக்குப் போவார்கள். அவர் முகத்தில் தெரியும் சிரமம் நம் கண்ணைச் சுடுகிறது. "உறங்க விடுங்கள்" என்கிறோம். அப்போது நாம் யாருக்கு இரங்குகிறோம்? அவருடைய நாளைக்கா, நம்முடைய கண்ணுக்கா? அவர் படும் சிரமத்தைக் காணச் சகிக்காமல் நாம் அவரைப் படுக்க வைத்தால், நம் மனநிம்மதிக்கு அவர் தசையை விலையாகக் கொடுத்தவர்கள் ஆவோம். இந்த ஒரு கேள்வியை நெஞ்சில் கேட்டுக்கொண்டால் பல இரக்கங்களின் உண்மை வெளிப்பட்டுவிடும்.

மரத்தை உலுக்கச் சொன்ன இரக்கம்

மதரஸாவில் நாம் எல்லோரும் கேட்ட வரலாறு ஒன்று இங்கே எனக்கு நினைவுக்கு வருகிறது. மர்யம் (அலை) அவர்கள் மிஹ்ராபில் வணக்கத்தில் இருந்த காலத்தில், தேடாமலே அவர்களுக்கு உணவு வந்துகொண்டிருந்தது. பின்னர்ப் பிரசவ வேதனையில், துணையின்றி, பேரீச்ச மரத்தடியில் ஒதுங்கினார்கள். ஒரு பெண்ணுக்கு அதைவிடப் பலவீனமான நேரம் உண்டா? அந்த நேரத்தில், மரத்தை உலுக்கும்படி அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பேரீச்ச மரத்தைப் பலசாலியான ஆண்பிள்ளை உலுக்கினாலும் அது அசையுமா? உதிரச் செய்தவன் அல்லாஹ். உலுக்கப்படாமலே உதிர்க்கவும் அவனால் முடியும். ஆயினும் அவர்கள் கையை மரத்தில் வைக்கச் சொன்னான்.

அய்யூப் (அலை) அவர்களின் வரலாறும் அப்படியே. நெடுநோயால் வாடிய அவர்களுக்கு நிவாரணம் வந்தபோது, காலால் பூமியைத் தட்டும்படி கட்டளை வந்தது. தட்டினார்கள், ஊற்றுப் பொங்கியது. ஊற்றை நோயாளியின் காலில் கட்டளையாக வைத்தவன் ரஹ்மான். இரக்கத்துக்கெல்லாம் பிறப்பிடமானவன் நோயாளிக்கு இரங்கியபோது, அவரிடமிருந்து முயற்சியைப் பறிக்கவில்லை. அவரால் ஆன அளவு முயற்சியை அவருக்கே கொடுத்தான்.

இந்த அளவு என்பதைத் தொழுகையின் சட்டத்தில் இன்னும் தெளிவாகக் காணலாம். நின்று தொழ முடியாதவர் உட்கார்ந்து தொழ வேண்டும்; உட்கார முடியாதவர் படுத்துத் தொழ வேண்டும்; அதற்கும் கீழே தலையின் சைகை, கண்ணின் சைகை என்று படி இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் ருக்ஸத்து உண்டு. எந்தப் படியிலும் "நீ ஒன்றும் செய்ய வேண்டாம், போய்ப் படு" என்று அவருடைய தொழுகையை வேறொருவரிடம் ஒப்படைக்கவில்லை. உட்கார்ந்து தொழுதுகொண்டிருக்கும்போதே நிற்கச் சக்தி வந்துவிட்டால் எழுந்து நின்று மீதியைத் தொடர வேண்டும் என்றும் சட்டம் இருக்கிறது. முடியாதவரை நிற்கும்படி வற்புறுத்தாதே. முடிகிறவரை உட்கார்த்தியே வைத்திராதே. நோயாளியை எப்படி நடத்துவது என்பதற்கு இதைவிட நல்ல சட்டம் எந்த ஆஸ்பத்திரியில் இருக்கிறது?

தராசு முள் நடுவில் நிற்க வேண்டும்

இதைக் கேட்டவுடன் சிலர் மறுகோடிக்கு ஓடிவிடுவார்கள். "அசைப்பது நல்லது என்றால் அதிகமாக அசைப்போம், இன்றே நடக்க வைப்போம்" என்பார்கள். அந்த அவசரத்தையும் மருத்துவர்கள் சோதித்துப் பார்த்துவிட்டார்கள். ஆஸ்திரேலிய டாக்டர்கள் முன்னின்று, பல நாடுகளில் 750 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆராய்ச்சி 2022-ல் வெளிவந்தது. வழக்கமாகக் கொடுக்கும் அளவு பயிற்சி ஒரு சாராருக்கு. அதைவிட அதிகமான பயிற்சி மறுசாராருக்கு. அதிகம் கொடுத்ததால் அவர்கள் விரைவில் வீடு திரும்பவில்லை. பயிற்சியால் நேர்ந்த தீங்குகளோ கூடிவிட்டன. நூற்றுக்கு நாலு பேருக்கு நேர்ந்தது, ஒன்பது பேருக்கு நேர்ந்தது.

சர்க்கரை வியாதி நம் வீடுகளில் விருந்தாளியாக வந்து குடித்தனக்காரராகிவிட்ட வியாதி. ஆதலால் இன்னொரு கணக்கையும் சொல்கிறேன். கடும் நோயில் இரத்தச் சர்க்கரை ஏறுவதும் இந்தப் பலவீனத்துக்கு ஒரு காரணம். 2001-ல் பெல்ஜிய டாக்டர்கள் இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையை மிகவும் கண்டிப்பாக இறக்கி, நரம்புப் பழுதும் மரணமும் குறைவதைக் கண்டார்கள். பல நாடுகள் அதைப் பின்பற்றின. ஆனால் 2009-ல், 6,000 பேருக்கு மேற்பட்டவர்களைக் கொண்டு நடந்த பெரிய ஆராய்ச்சியில், அதே கண்டிப்பால் மரணம் கூடுவது தெரிந்தது. நன்மையானாலும் அளவு மீறினால் தீமையாகிவிடும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டுமா?

ஆகவே அளவை யார் சொல்வது? நாமல்ல. அவர் நாடியையும் மூச்சையும் பார்த்துக்கொண்டிருக்கும் டாக்டரும், தாதியும், பயிற்சி கொடுப்பவரும் சொல்ல வேண்டும். "இவ்வளவு முடிகிறது" என்று நோயாளி சொல்ல வேண்டும். நிறுவையில் மோசம் செய்பவர்களைப் பற்றி வந்திருக்கும் எச்சரிக்கை வியாபாரிகள் அறியாததல்ல. கூட்டி நிறுத்தாலும் நிறுவை பொய்தான். குறைத்து நிறுத்தாலும் பொய்தான்.

பலம் யாருடையது?

இனி விஷயத்தின் வேரைத் தொட வேண்டும். ஒருவன் தானாக எழ வேண்டும் என்று ஏன் சொல்கிறோம்? உழைத்தால்தான் மனிதன், உழைக்காவிட்டால் சுமை என்பதனாலா? அப்படியானால் எழவே முடியாமல் போய்விட்டவருடைய கதி என்ன?

நம்மவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சோதனை உண்டு. கப்பலேறி வந்து, கடை ஐந்தடியில் படுத்து, தோளில் மூட்டை சுமந்து முன்னுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நாம். "இந்தக் கையால் சம்பாதித்தேன்" என்று சொல்வதில் நமக்கு ஒரு பெருமை. அந்தக் கையின் தசை பத்து நாளில் ஐந்தில் ஒரு பங்கு கரைந்துபோகும் என்றால், அது எப்போது நம்முடையதாக இருந்தது? அமானத்தாகத் தரப்பட்ட பொருளைச் சொந்தச் சரக்கு என்று பேரேட்டில் எழுதிக்கொண்டோம். பாங்கின்போது ‘லா ஹவ்ல’ சொல்கிறோம்; சக்தி அல்லாஹ்வைக் கொண்டே என்று தினமும் நாவால் ஒப்புக்கொள்கிறோம். குவளையைத் தூக்க முடியாத நோயாளி அதே உண்மையைத் தன் உடம்பால் அறிந்துகொண்டவர். அவரிடம் நாம் கற்க வேண்டியது இருக்கிறது.

ஆகவே பலத்தில் மனிதனின் மதிப்பு இல்லை. கண்ணசைவால் தொழுபவருடைய தொழுகை, நின்று தொழுபவருடையதைவிடக் குறைந்ததல்ல. ஆரோக்கியத்தில் ஒருவர் வழக்கமாகச் செய்துவந்த நல்ல அமல்களின் கூலி, அவர் நோயில் விழுந்த காலத்திலும் அவருக்கு எழுதப்படுகிறது என்று ஹதீஸில் வந்திருக்கிறது. எழ முடியாதவருக்கு இதைவிடப் பெரிய கண்ணியம் ஏது?

அப்படியானால் எழ முடிகிறவரை ஏன் எழுப்ப வேண்டும்? அந்த அமானத்து அவருடையது, அதனால்தான். தன் கையால் ஒரு கவளம் எடுத்து உண்பதும், தன் காலால் ஒளு செய்யும் இடம்வரை நடப்பதும் அவருக்கு உரிய பாக்கியம். அவரால் முடிகிற ஒன்றை நாம் எடுத்துச் செய்துவிட்டால், உதவி என்ற பெயரில் அவர் பொருளில் கைவைத்தவர்கள் ஆகிறோம். அவரால் முடியாததைச் செய்யவில்லையே என்று கடிந்துகொண்டால், இல்லாத கடனை வசூலிக்கப் போனவர்கள் ஆகிறோம். இரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் இரக்கம். அவருடையதை அவருக்கே, அவர் தாங்கும் அளவில், தவணை தவணையாகத் திருப்பிக் கொடுப்பதே அது.

கடைக்காரர்கள் எண்ண வேண்டியது

இதைப் படிக்கும் நீங்கள் கடை நடத்துபவர்கள். ஆகவே பேச்சைக் கடைக்குள்ளும் கொண்டுபோக வேண்டும்.

கனடாவின் டொரொண்டோ நகரில், நுரையீரல் கடுமையாகக் கெட்டுத் தீவிர சிகிச்சையில் பிழைத்த 109 பேரை டாக்டர்கள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தார்கள். பெரும்பாலும் நடுத்தர வயதினர். நம்மைப் போல் குடும்பத்தைத் தாங்கும் வயது. அறையை விட்டு வெளியே வந்தபோது உடல் எடையில் 18 சதவீதத்தை இழந்திருந்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்க்கையில் பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். நுரையீரல் நன்றாகத் தேறிய பிறகும் தசையின் பலவீனம் பின்தங்கியது. ஐந்து வருஷம் கழித்தும் ஆறு நிமிடத்தில் அவர்கள் நடந்த தூரம், அந்த வயதினர் நடக்க வேண்டியதில் முக்கால் பங்குதான்.

மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரண்டு நாட்டுச் சட்டத்திலும் ஆஸ்பத்திரியில் கிடக்கும் தொழிலாளிக்குச் சம்பளத்தோடு 60 நாள்வரை விடுப்பு உண்டு. மேற்சொன்ன கணக்கைப் பாருங்கள். ஒரு வருஷத்திலும் பாதிப் பேரே திரும்பிய நோய்க்கு அறுபது நாள் எம்மட்டு? சட்டம் நிற்கும் இடத்துக்கு அப்பால்தான் நம் மார்க்கம் நம்மைச் சோதிக்கிறது. அறுபத்தோராவது நாள் "இவன் இனி உதவமாட்டான், ஊருக்கு டிக்கெட் எடுத்துவிடு" என்று சொல்வது எளிது.

"கடை தருமச் சத்திரமல்ல, வாடகைக்கும் சம்பளத்துக்கும் நான் எங்கே போவேன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எல்லாக் கடையாலும் எல்லாப் பாரமும் சுமக்க முடியாது. முடிந்த அளவுதான் உங்கள்மீதும் கடமை. அந்தச் சலுகை நோயாளிக்கு மட்டும் உரியதல்ல. ஆனால் முழு வேலை அல்லது வேலையே இல்லை என்ற இரண்டுதான் வழியா? மூட்டை தூக்க முடியாதவர் கல்லாவில் உட்கார்ந்திருக்கலாம். எட்டு மணி நேரம் உட்கார முடியாதவர் இரண்டு மணி நேரம் உட்காரலாம். இந்த மாதம் இரண்டு, அடுத்த மாதம் மூன்று என்று ஏற்றலாம். நின்று, உட்கார்ந்து, படுத்து என்ற படிகளை இறங்குவதற்கு மட்டுமல்ல, ஏறுவதற்கும் வைத்திருக்கிறது மார்க்கம். தனிக் கடையால் முடியாததை ஜமாஅத்தும் சங்கமும் பகிர்ந்துகொள்ளலாம். ஸதக்காவாக வேண்டாமென்றால் கர்ள் ஹஸனாவாகக் கொடுக்கலாம்.

வீட்டிலும் ஒன்று நடக்கிறது. அத்தாவோ வாப்பாவோ நோயில் விழுந்ததும், மூத்த பிள்ளை கல்லாச் சாவியை எடுத்துக்கொள்கிறார். எடுத்துத்தான் ஆக வேண்டும். பெரியவர் பிழைத்து வந்த பிறகும் "உங்களுக்கு ஏன் இந்தக் கவலையெல்லாம்?" என்று கணக்கைக் கண்ணில் காட்டுவதில்லை. அன்பு என்றே பிள்ளை நினைக்கிறார். பெரியவரோ, தான் உயிரோடிருக்கும்போதே தன் சொத்துப் பங்கு வைக்கப்பட்டதுபோல் உணர்கிறார். அன்றாடப் பற்றுவரவை அவர் முன்னே வைத்து ஒரு யோசனை கேளுங்கள். கையெழுத்துக் கோணலாக வந்தாலும் அவரையே போடச் சொல்லுங்கள். அதற்காகும் ஐந்து நிமிடம் நஷ்டமல்ல.

ஆஸ்பத்திரியில் பார்க்கப் போகும்போதும் நம்மால் ஆவது உண்டு. அவர் மூக்குக் கண்ணாடியையும் காதுக் கருவியையும் தாதியிடம் கேட்டு மாட்டிவிடலாம். இன்று என்ன கிழமை, பகலா இரவா, அவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லலாம். வக்து வந்ததைத் தெரிவிக்கலாம். டாக்டர் அனுமதித்தால் கையைப் பிடித்து "அழுத்துங்கள் பார்க்கலாம்" என்று கேட்கலாம். நேற்று விரல் மட்டும் அசைந்து இன்று மணிக்கட்டும் அசைந்தால், அதற்கு அல்ஹம்து லில்லாஹ் சொல்லலாம். "இன்னும் நடக்கவில்லையா?" என்று மட்டும் கேட்க வேண்டாம். "அசையாதீர்கள்" என்றும் சொல்ல வேண்டாம். "இன்று உங்களால் எவ்வளவு முடியும்?" என்று கேளுங்கள். அந்தக் கேள்வியில் சந்தேகமும் இல்லை, அடக்குமுறையும் இல்லை.

வேலையில் வழக்கமாகச் செய்தது எழுதப்படுகிறது என்று பார்த்தோம். படுக்கையில் கிடப்பவரின் கணக்கை அல்லாஹ் மூடவில்லை. அவர் பெயரில் வரவு வைத்துக்கொண்டே இருக்கிறான். அப்படியிருக்க, நம் கடைப் பேரேட்டிலிருந்தும் வீட்டு யோசனையிலிருந்தும் அவர் பெயரை அடித்துவிட நமக்கு என்ன உரிமை?

நோயுற்றோருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக! எழ முடிகிறவர்களுக்குக் கை கொடுக்கவும், எழ முடியாதவர்களைக் கண்ணியமாக வைத்திருக்கவும் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.